அரசு கட்டாயப்படுத்தாமல் சமூகம் இயங்குமா?

தன்னார்வ ஒத்துழைப்பு என்றால் போலீஸுக்குப் பயந்து அல்ல, நாமே கூடிப் பேசி ஒத்துக்கொண்ட விதிப்படி நடப்பது. அதை நம்பிச் சமூகம் ஓரளவுக்கு இயங்கும்.

சுவிட்சர்லாந்தின் டோர்பெல் மலைக்கிராமத்தில் 1517-லேயே ஒரு விதி: குளிர்காலத்தில் எத்தனை மாடுகளுக்குத் தீனி போட முடியுமோ, அத்தனையை மட்டுமே கோடையில் பொது மேய்ச்சலுக்கு ஓட்டலாம். மீறினால் அபராதம், வசூலிப்பவருக்கு அதில் பாதி (கெட்டிக்காரர்கள்தான்!).

இது நிலைக்கக் காரணம், நாளைக்கும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்தாக வேண்டும். தெருவுக்குள் பிடிக்கும் சீட்டு மாதிரி: பணம் எடுத்த பிறகும் தவணை கட்டுவது வழக்குக்குப் பயந்தா? பேர் கெட்டுவிடுமே என்றுதான். முகம் தெரியாத லட்சக்கணக்கானோர் வாழும் நகரத்தில் இந்தப் பிடி தளரும். அங்கே அரசு வேண்டும் என்பேன்.

அப்புறம், அரசின் கட்டாயம் இல்லையென்றால் தண்டனையே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள்; டோர்பெலில் தண்டனை இருந்தது, அதை விதித்துக்கொண்டவர்கள் மாட்டுக்காரர்களே.