கீழே ஓடும் எழுத்து

கேள்வி: மகள் வீட்டில் வெள்ளிக்கிழமை ராத்திரியானால் கொரியப் படம்தான். நானும் கூட உட்காருகிறேன். கீழே ஓடும் எழுத்தைப் படித்தால் முகத்தைப் பார்க்க முடியவில்லை. முகத்தைப் பார்த்தால் எழுத்து ஓடிவிடுகிறது. ஆங்கிலம் எனக்கு நிதானமாகத்தான் படிக்க வரும். 63 வயதில் இதெல்லாம் ஒத்துவருமா? எந்தப் படத்தில் ஆரம்பிக்கலாம்?
- ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: 63 என்றால், 'சங்கராபரணம்' வந்த 1980-ல் உங்களுக்கு 18 வயது இருக்கும். தமிழ்நாட்டில் அது தெலுங்கிலேயே ஓடியது. 'ரா', 'போ'வுக்கு மேல் தெலுங்கு தெரியாத என் அத்தை மூன்று தடவை பார்த்துவிட்டு வந்து, மூன்று தடவையும் அதில் வரும் பாடகர் சாஸ்திரிக்காக அழுதாள். நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆக, மொழி தெரியாத படம் உங்களுக்குப் புதிதில்லை. தகராறெல்லாம் எழுத்தோடுதான்.

அந்த எழுத்து ஒரு தடவைக்கு இரண்டு வரிக்கு மேல் வராது. இரண்டு வரியும் நிறைந்திருந்தால் ஏறக்குறைய 6 நொடி நிற்கும். பேசியதை முழுக்க எழுதினால் யாராலும் படித்து முடிக்க முடியாது என்பதால், எழுதுகிறவர்களே சுருக்கித்தான் போடுகிறார்கள். அவர்களே இவ்வளவு விட்டிருக்கும்போது நீங்கள் இன்னும் நாலு வார்த்தையை விட்டால் குடி முழுகிவிடாது.

எழுத்து நன்றாகத் தெரியட்டும் என்று டிவிக்குப் பக்கத்தில் போய் உட்காராதீர்கள். கிட்டே போகப் போகக் கண் முகத்துக்கும் எழுத்துக்குமாக ஏறி இறங்கிக் களைத்துவிடும். நாற்காலியைப் பின்னால் தள்ளுங்கள். எழுத்தைப் பெரிதாக்க வழியிருக்கும், மகளிடம் சொல்லுங்கள்.

கொரியப் படத்தில் ஆரம்பித்ததுதான் பிசகு என்பேன். அங்கே பிள்ளை 'அப்பா' என்று கூப்பிட்டால் அப்பாவைத்தான் கூப்பிடுகிறது, அந்த ஒரு சௌகரியம் உண்டு. ஆனால் உங்கள் மகள் போடுவது துப்பறியும் கதையாக இருந்தால், ஒரு வரியை விட்டால் கொலைகாரனையே விட்டுவிடுவீர்கள்.

பேச்சு குறைவான, குழந்தைகள் நடிக்கிற படமாகப் பாருங்கள். ஈரானில் மஜீத் மஜீதி 1997-ல் எடுத்த 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' ஒன்றரை மணி நேரம்தான். தங்கையின் ஷூவை அண்ணன் தொலைத்துவிடுகிறான். புது ஷூ வாங்க வீட்டில் காசில்லை என்று இருவருக்கும் தெரியும், அதனால் அப்பாவிடம் மூச்சுவிடவில்லை. அவளுக்குக் காலையில் பள்ளி, அவனுக்கு மதியம். அவனுடைய ஒரே ஜோடியைச் சந்தில் நின்று மாற்றிக்கொள்கிறார்கள். அவள் காலுக்கு அது பெரிது. ஒருநாள் ஓடிவரும்போது ஒன்று கழன்று தெருவோர வாய்க்காலில் விழ, தண்ணீர் இழுத்துக்கொண்டு போகிறது. அவளும் கூடவே ஓடுகிறாள், குனிந்து எடுக்கப் பார்க்கிறாள், அது நழுவிப் போய்க்கொண்டே இருக்கிறது. இதற்கு எந்த எழுத்தைப் படிக்க வேண்டும்? பெரம்பூரில் இருந்துகொண்டு மழைத் தண்ணீரில் ஒரு செருப்பையாவது விடாதவர் உண்டா?

தமிழ் டப்பிங் கிடைத்தால் போடலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். நீளமான சீரியலுக்குத் தாராளமாக. இந்த மாதிரிப் படத்துக்கு வேண்டாம் என்பது என் கட்சி. அந்தப் பையன் தேம்பும் சத்தம் அவனுடையதாகவே இருக்கட்டும்.

பிடித்திருந்தால் அடுத்து அப்பாஸ் கியரோஸ்தமியின் 'வேர் இஸ் த ஃப்ரெண்ட்ஸ் ஹவுஸ்', 1987. கூடப் படிக்கிறவனின் நோட்டைத் தவறுதலாக எடுத்துவந்த பையன் அதைக் கொடுக்கப் பக்கத்து ஊருக்கு ஓடுகிறான், அவ்வளவுதான் கதை. அப்புறம் இத்தாலியின் 'பைசைக்கிள் தீவ்ஸ்', 1948. எனக்கு மூன்றாவது படத்தில்தான் கண் பழகியது.

கேள்வி: டிசம்பரில் சென்னைத் திரைப்பட விழாவுக்கு பாஸ் வாங்கலாம் என்றிருக்கிறேன். காலையிலிருந்து ராத்திரி வரை பார்த்துவிட முடியுமா?
- கல்லூரி மாணவர், வில்லிவாக்கம்

பதில்: 2003-லிருந்து நடக்கிற விழா, அடுத்த வருஷமும் வரும். நாளுக்கு இரண்டு படம் போதும், நடுவில் சாப்பிடுங்கள். கதைச் சுருக்கத்தைப் படித்துவிட்டு உள்ளே போங்கள். போஸ்டரில் கடல் அழகாக இருந்தது என்பதற்காகப் போய், மூன்று மணி நேரம் கடலையே பார்த்துவிட்டு வந்தவன் நான். விழாவுக்கு முன்னால் ஒத்திகை வேண்டுமானால், நுங்கம்பாக்கத்தில் பிரெஞ்சு மையமான அலையான்ஸ் பிரான்சேஸிலும் ஜெர்மன் மையமான மாக்ஸ் முல்லர் பவனிலும் அவ்வப்போது படம் போடுகிறார்கள்.

இன்னொன்று, ஓரத்து இருக்கையாகப் பிடியுங்கள். பல வருஷங்களுக்கு முன் ஒரு சின்ன அரங்கில், மேடு பள்ளம் இல்லாத தரை, நடு வரிசையில் மாட்டிக்கொண்டேன். எனக்கு முன்னால் பெரிய கொண்டை போட்ட ஒரு அம்மாள், கொண்டையைச் சுற்றிக் கனகாம்பரம். ஒவ்வொரு வரியிலும் இடது பாதிதான் எனக்குக் கிடைத்தது. கடைசிக் காட்சியில் கிழவர் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல, அரங்கமே மூக்கை உறிஞ்சியது. "நீ மட்டும் அன்றைக்கு" என்பது வரைக்கும் தெரிந்தது. மிச்சம் கனகாம்பரம்.