பச்சை வந்தால் போதுமா?

கேள்வி: என் ஸ்விஃப்டில் காயில் ஓவர் (உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஸ்பிரிங்கும் ஷாக்கும்) போட்டு 60 மி.மீ. இறக்கியிருக்கிறேன். அலைன்மென்ட் மெஷினில் எல்லாம் பச்சையாகத்தான் வந்தது. ஆனால் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஸ்டீயரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் வளைவில் மூக்கு வெளியே ஓடுகிறது. முன் டயர்களில் வெளி ஓரம் மட்டும் தேய்ந்துவிட்டது. தொப்பூர் இறக்கத்தில் வண்டி நன்றாகத்தான் நிற்கிறது. இன்னும் கொஞ்சம் இறக்கலாமா?
- வாசகர், காரிமங்கலம்

பதில்: முதலில் தொப்பூரை விடுங்கள் தம்பி. பின்னால் வரும் லாரிக்கு பிரேக் பிடிக்குமா என்று நெற்றியிலா எழுதியிருக்கிறது?

இறக்க வேண்டாம், ஏற்றுங்கள். நாலு சக்கரமும் தரையில் நிற்கும்போது குனிந்து, முன் சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்மைப் பாருங்கள். உள்பக்க புஷ்ஷைவிட வெளிப்பக்க பால் ஜாயின்ட் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். அது மேலே ஏறியிருந்தால், வண்டி சாயச் சாய சக்கரத்தின் அடிப்பகுதி உள்ளே இழுபட்டு, தலை வெளியே சாயும். டயர் வெளி ஓரத்திலேயே நிற்கும். அதோடு பாடி இறங்கியதைவிட ரோல் சென்டர் (வளைவில் வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது) அதிகமாக இறங்கிவிடும். இரண்டுக்கும் இடைவெளி கூடுவதால், அதே ஸ்பிரிங்கில் தாழ்ந்த வண்டிதான் கூடுதலாகச் சாயும். பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான். ஆர்ம் சரியான சாய்வுக்கு வரும்வரை ஏற்றுங்கள். பெரும்பாலும் 25, 30 மி.மீ. இறக்கத்தோடு நின்றுவிடும்.

பச்சை என்றால் கம்பெனி சொன்ன அளவுக்குள் இருக்கிறது என்று அர்த்தம். அந்த அளவு கம்பெனி உயரத்துக்கும் ரோட்டுக்கும் உரியது. பச்சையைப் பார்த்தால் கஸ்டமர் மறுபேச்சில்லாமல் காசு கொடுப்பார், எங்கள் தொழிலுக்கும் அது சௌகரியம்.

வேலையை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். தரை மட்டமா என்று கொத்தனாரின் டியூப் லெவலை வைத்துப் பாருங்கள். என் பட்டறையில் டிரைவர் எடைக்கு சீட்டில் அரிசி மூட்டை ஏற்றுவேன், டேங்கில் பாதி பெட்ரோல், டயரில் ஓட்டும்போது இருக்கிற காற்று. அப்புறம் உயரம். ஜாக்கியிலிருந்து இறக்கியதும் அளக்கக் கூடாது. முன்னும் பின்னும் உருட்டி ஸ்பிரிங் உட்கார்ந்த பிறகுதான் அளவு. உயரம் மாறினால் கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் அளவு) மாறும், கேம்பர் மாறினால் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மாறும். அதனால் டோ எப்போதும் கடைசி.

ரோட்டு டயர்தான் என்றால் முன்னால் மைனஸ் 2 டிகிரி கேம்பரில் (சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்தபடி) தொடங்குங்கள். கம்பெனி ஸ்ட்ரட்டில் (சக்கரத்தைத் தாங்கும் ஷாக் தூணில்) அந்த அளவு வராது. சாய்வை மாற்ற, மேலே கேம்பர் பிளேட்டோ, கீழே கேம்பர் போல்ட்டோ வேண்டும். டோ பூஜ்யம். வளைவில் மூக்கு சட்டென்று திரும்ப வேண்டுமானால் இரண்டு பக்கமும் சேர்த்து 2 மி.மீ. டோ அவுட் (சக்கரங்களின் முன்பக்கம் வெளியே விரிந்திருப்பது) போதும். ஆனால் நம்ம ஊரிலிருந்து இருங்காட்டுக்கோட்டைக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் நேர் ரோடு. நேர் ரோட்டில் டயரைத் தின்பது கேம்பரைவிட டோதான். ஆகவே பூஜ்யத்தில் ஓட்டிப் போய், டிராக்கில் டோவை மாற்றும் டை ராடைத் திருப்பிக்கொள்ளுங்கள். திருப்பும் முன் பெயின்டால் குறி போட்டால் ஊர் திரும்பும்போது பழைய இடத்துக்கே கொண்டுவரலாம்.

நாலைந்து சுற்று நன்றாக விரட்டி, நேராக பிட்டுக்கு (டிராக் ஓரத்தில் வண்டி நிறுத்தும் இடத்துக்கு) வந்து டயர் சூட்டை உள், நடு, வெளி என மூன்று இடத்தில் அளந்து எழுதுங்கள். வெளி ஓரம்தான் அதிகச் சூடு என்றால் இன்னும் அரை டிகிரி மைனஸ் கேம்பர் கூட்டலாம். உள் ஓரம் கொஞ்சம் சூடாக இருந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள். நடு மட்டும் சூடு என்றால் கேம்பரைத் தொடாதீர்கள், காற்றைக் குறையுங்கள்.

கேள்வி: பின் சக்கரத்துக்கு அலைன்மென்ட் கிடையாது என்று கடையில் சொல்கிறார்கள், உண்மையா?
- வாசகர், ஊத்தங்கரை

பதில்: ஸ்விஃப்ட் போல பின்னால் டார்ஷன் பீம் (இரண்டு பின் சக்கரத்தையும் இணைக்கும் ஒரே பீம்) உள்ள வண்டியில் திருப்ப நட்டு எதுவும் இல்லை, அது நிஜம். அளக்கக்கூட முடியாது என்றால் கடையை மாற்றுங்கள். அளவு தப்பியிருந்தால் சக்கரம் மாட்டும் ஹப்புக்கும் பீமுக்கும் நடுவே ஷிம் (மெல்லிய தகடு) வைத்துத் திருத்தலாம். பீமே வளைந்திருந்தால் ஷிம் வைத்து மூடாமல் பீமை மாற்றிவிடுங்கள்.