மீம்களில் பெண்ணின் முகம்

அன்புள்ள அக்கா,

பிளஸ் டூ படிக்கும் என் மகன் எந்நேரமும் மீம்தான் பார்க்கிறான். காதலித்துக் கழற்றிவிடும் பெண், 'பெஸ்டி', பூரிக்கட்டையோடு நிற்கும் மனைவி என்று எல்லாமே பெண்களைக் கேலி செய்பவை. ஆண் என்றால் 'சிக்மா'வாக, அதாவது யாரையும் சட்டை செய்யாத தனி ஆளாக, இருக்க வேண்டுமாம். தங்கையிடம் எதற்கெடுத்தாலும் "பொண்ணுங்களே இப்படித்தான்" என்கிறான். எங்கள் காலத்தில் இவ்வளவு மோசம் இல்லை. 1976இல் மீம் என்ற கருத்தை முன்வைத்த உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் இதை நினைத்தாவது பார்த்திருப்பாரா? போனைப் பிடுங்கி வைத்துவிடட்டுமா?

பெயர் வேண்டாம், தஞ்சாவூர்

அன்புள்ள நண்பருக்கு,

டாக்கின்ஸ் இருக்கட்டும். 'எங்கள் காலத்தில்' என்கிறீர்களே, அதை என்னால் தாண்ட முடியவில்லை. நம் காலத்துக் கதாநாயகன் பணக்காரப் பெண்ணின் திமிரை அடக்கி, சேலை கட்டவைத்து, பொம்பளை எப்படி இருக்கணும் என்று பாடம் எடுத்தான். கொட்டகையில் விசிலடித்தது யார்? பையனை மட்டும் கூண்டில் ஏற்றாதீர்கள்.

கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகள் ஒருநாள் பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து மீம் போட்டுக்கொண்டிருந்தாள். ஹாஸ்டல் கேட்டை ஆறரைக்கே பூட்டிவிடுகிறார்களாம். மூச்சிரைக்க ஓடிவருபவர் வடிவேலு. மாதவிடாய் வலியில் சுருண்டு கிடப்பவரும் வடிவேலு. பெண் பார்க்க வந்தவர்கள் முன் அசடு வழிய நிற்பவரும் அவரே. "பொண்ணு முகம் ஒண்ணு போடேன்டி" என்றேன். சேர்த்து வைத்திருந்த படங்களைத் தள்ளித் தள்ளித் தேடினாள். கையை ஓங்கியபடி கோவை சரளா வந்தார். பிறகு கண்ணீர் வடிக்கும் கதாநாயகிகள். "இதெல்லாம் செட் ஆகாது அத்தை" என்று மறுபடி வடிவேலுவிடமே போய்விட்டாள்.

அன்றிலிருந்து இதே யோசனைதான். வடிவேலு தமிழ் ஆணுக்குக் கொடுத்தது சாதாரணமானதல்ல. கைப்புள்ள அடி வாங்குகிறார், நடுங்குகிறார், அழுகிறார், சட்டையைத் தட்டிக்கொண்டு சமாளிக்கிறார். ஆண் தோற்கலாம், தோற்றபிறகும் நம்மவனாகவே இருக்கலாம் என்று அந்த முகம் சொன்னது. 2001இல் வந்த படத்தில் தலையில் சுத்தியல் விழுந்த கான்ட்ராக்டர் நேசமணிக்காக 2019 மே மாதத்தில் இணையமே பிரார்த்தனை செய்ததே, அந்தப் பாசம் வேறு எங்கிருந்து வந்தது? அதேபோல் தடுக்கி விழுந்து, புளுகி மாட்டிக்கொண்டு, அதற்காகவே நேசிக்கப்படும் பெண்ணை நம் சினிமா எத்தனை முறை காட்டியது? ஆயிரம் படங்களுக்கு மேல் நடித்த மனோரமா இருந்தார், சரளா இருக்கிறார். திறமைக்கா பஞ்சம்? அவர்களுக்கு எழுதிக் கொடுத்ததில் முக்கால்வாசி சத்தம் போடும் மனைவியும் விரட்டும் மாமியாரும்தான்.

மீம் போடுகிறவன் முகத்தைப் புதிதாக வரைவதில்லை, சினிமாவிலிருந்துதான் வெட்டுகிறான். அங்கே இல்லாத பெண் இங்கே எப்படி வருவாள்? ஆண் படும் பாட்டுக்கு நூறு முகம் கிடைக்கிறது. பெண்ணுக்கு ஏமாற்றுகிறவள், அடிக்கிறவள், அழுகிறவள், அவ்வளவுதான். தன் அவஸ்தையைச் சொல்லிச் சிரிக்க என் அண்ணன் மகள் ஓர் ஆணின் முகத்தைக் கடன் வாங்குகிறாள். உங்கள் மகனோ பெண்ணின் முகத்தைக் கேலிக்கு மட்டுமே எடுக்கிறான். எனக்கு ஆறவில்லை.

சிக்மாவுக்கெல்லாம் பயப்படாதீர்கள், அந்த மோகம் தானே வடிந்துவிடும். போனைப் பிடுங்கினால் நண்பன் போனில் பார்ப்பான். ஆனால் மகனைப் பற்றி இவ்வளவு எழுதிய நீங்கள், மகளுக்கு ஒரே ஒரு வரிதான் ஒதுக்கியிருக்கிறீர்கள். அவள் எதைப் பார்த்துச் சிரிக்கிறாள், போனில் என்னென்ன சேர்த்து வைத்திருக்கிறாள் என்று கேட்டதுண்டா? அண்ணனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். அவள் சொல்வதை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா