பிளாக்செயின் கற்க ஸ்டுட்கார்ட் போக வேண்டுமா?

மதிப்புக்குரிய ஐயா,

வெள்ளவத்தையிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. உங்கள் நிலையில் கொழும்பில் இன்று பல பெற்றோர் இருப்பதால் அதன் சாரத்தை அவர்களுக்காகவும் இங்கே சொல்லிவிடுகிறேன். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் கணினித்துறையில் பட்டம் பெற்று, ஒரு வங்கியின் மென்பொருள் பிரிவில் நான்கு ஆண்டுகள் வேலை செய்த உங்கள் மகள் பதவி விலகல் கடிதம் கொடுத்துவிட்டார். இன்னும் இரண்டு மாதம் வேலையில் இருப்பார். பிறகு கணவருடன் வாழ ஜேர்மனியின் ஸ்டுட்கார்ட் நகருக்குப் போகிறார். அங்கே ஓராண்டு வேலை தேடாமல் வீட்டிலிருந்தபடியே பிளாக்செயின் மென்பொருள் உருவாக்கத்தைத் தானாகக் கற்கப்போவதாகச் சொல்கிறார். வாழ்நாள் முழுவதும் வங்கிக் காசாளராக இருந்த உங்களுக்கு இது சூதாட்டத்துக்குப் பட்டப்படிப்பைத் தாரைவார்ப்பதாகத் தோன்றுகிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்கிறேன். ஜேர்மனிக்குப் போவது குடும்பம் எடுத்த முடிவு. அதில் எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. பிளாக்செயின் கற்பது தொழில் முடிவு, அதுவும் தவறன்று. இந்த இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டு, வேலை தேடுவதை ஓராண்டு ஒத்திவைப்பதுதான் எனக்கு உடன்பாடில்லாதது. இந்தப் படிப்புக்கு வேண்டியவை ஒரு மடிக்கணினி, இணைய இணைப்பு, பொறுமை. மூன்றும் வெள்ளவத்தையில் இருக்கின்றன. விசா முத்திரை விழும்வரை காத்திருக்காமல் மகள் இந்த வாரமே தொடங்கலாம்.

சூதாட்டம் என்ற உங்கள் பயத்துக்கு வருவோம். பிளாக்செயின் என்பது பல கணினிகளில் ஒரே நேரத்தில் பகிர்ந்து வைக்கப்படும் மின்பேரேடு. அதில் புழங்கும் பிட்கொயின் போன்ற நாணயத்தை வாங்கி விற்பது ஒன்று. அந்தப் பேரேட்டின் மேல் இயங்கும் நிரலை எழுதுவது வேறொன்று. பிட்கொயின் 2009 ஜனவரியில் தொடங்கியது. 2015 ஜூலையில் இயங்கத் தொடங்கிய எதீரியம், பேரேட்டின் மேலேயே நிரல்களை ஓடவிடும் வசதியைக் கொண்டுவந்தது. அந்த நிரல்களை ஸ்மார்ட் ஒப்பந்தம் என்கிறார்கள். உங்கள் மகள் எழுதக் கற்கப்போவது இதைத்தான். இதற்கு ஒரு சதமும் முதலீடு வேண்டியதில்லை. செப்போலியா போன்ற சோதனை வலையமைப்புகளில் புழங்கும் ஈதர் என்ற எதீரிய நாணயத்துக்கு மதிப்பு கிடையாது, இலவசமாகவே தருகிறார்கள். இலங்கை மத்திய வங்கி மெய்நிகர் நாணயங்கள் குறித்துப் பல தடவை எச்சரித்திருக்கிறது. அந்நியச் செலாவணி விதிகளின்படி இங்குள்ள கடன் அட்டை, பற்று அட்டை கொண்டு அவற்றுக்குப் பணம் செலுத்தவும் அனுமதியில்லை. 'கற்க வேண்டுமானால் முதலில் கொஞ்சம் வாங்கிப் பார்க்க வேண்டும்' என்று யாராவது மகளிடம் சொன்னால், அவர் ஆசிரியர் அல்லர், வியாபாரி.

ஆனால் உங்கள் பயத்தில் ஓர் உண்மை இருக்கிறது. இந்தத் துறையில் வேலைகள் நாணய விலையோடு சேர்ந்து ஏறி இறங்குகின்றன. 2022 மே மாதம் டெரா என்ற நாணயத் திட்டம் சரிந்தது. அதே ஆண்டு நவம்பரில் எஃப்.டி.எக்ஸ் என்ற நாணயப் பரிமாற்று நிறுவனம் வங்குரோத்தானது. அந்தக் காலத்தில் திறமையானவர்களும் வேலையிழந்தார்கள். எனவே பிளாக்செயினை மட்டுமே தெரிந்தவராக மகள் ஆகக்கூடாது. வங்கியில் எழுதிய ஜாவா, தரவுத்தள அறிவு, நாள் முடிவில் கணக்கு ஒப்பிடும் நிரல்களோடு பட்ட பாடு ஆகியவைதான் அவருடைய மூலதனம். அதை மூட்டைகட்டி வைத்துவிட்டுப் புதிதாகப் பிறந்தவர் போலத் தொடங்குவதாக அவர் பேசுவது எனக்குச் சற்று எரிச்சலூட்டியது, மன்னிக்கவும்.

என்ன கற்க வேண்டும், எந்த வரிசையில் என்று கேட்டிருக்கிறீர்கள். ஹாஷ் எனப்படும் தரவின் கைரேகை போன்ற குறியீடு, டிஜிட்டல் கையொப்பம் இரண்டும் எப்படி வேலை செய்கின்றன என்பதைச் சில நாள்களில் பிடித்துக்கொள்ளலாம். பிறகு ஸ்மார்ட் ஒப்பந்தங்களை எழுதும் சொலிடிட்டி மொழி. உலாவியிலேயே இயங்கும் ரிமிக்ஸ் என்ற கருவியில் தொடங்கலாம். கிரிப்டோசோம்பீஸ் போன்ற விளையாட்டுப் பாடங்கள் அரிச்சுவடிக்கு நல்லவை, அதற்கு மேல் அங்கே தங்க வேண்டாம். விரைவில் ஃபவுண்ட்ரி அல்லது ஹார்ட்ஹெட் என்ற தொழில்முறைக் கருவிக்கு மாறி, எழுதும் ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் சோதனை நிரல் எழுதும் பழக்கம் வரவேண்டும். டைப்ஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழி தெரியாவிட்டால் அதையும் சேர்த்துக்கொள்ளட்டும். ரஸ்ட் மொழி பிறகு பார்க்கலாம்.

பாடம் எடுக்கும்போது அது எந்த ஆண்டு பதிவானது என்று பார்ப்பது முக்கியம். ஒரு காலத்தில் எல்லாரும் கற்பித்த ட்ரஃபிள் என்ற கருவியை நிறுத்துவதாக அதன் நிறுவனமே 2023 செப்டெம்பரில் அறிவித்துவிட்டது. ரொப்ஸ்டன், ரிங்கபி, கோர்லி என்ற சோதனை வலையமைப்புகளும் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. பழைய காணொளியைப் பின்பற்றி, இல்லாத வலையமைப்போடு மல்லுக்கட்டி, 'எனக்கு மூளை போதாது' என்று முடிவு கட்டும் பிள்ளைகள் உண்டு. கோளாறு அவர்களிடம் இல்லை.

இவை எல்லாவற்றிலும் நேரத்தைக் கொட்ட வேண்டிய இடம் பாதுகாப்பு. ஏன் என்று உங்களுக்குத்தான் சுலபமாக விளங்கும். பணம் எடுக்க ஒருவர் வருகிறார். காசாளர் முதலில் பணத்தை நீட்டிவிட்டுப் பிறகுதான் பேரேட்டில் கழிக்கிறார் என்று வையுங்கள். பேனா தாளைத் தொடுமுன் அவர் மறுபடியும் கையை நீட்டினால்? பேரேட்டில் மீதி குறையவில்லை. காசாளர் மறுபடியும் கொடுப்பார். 2016 ஜூனில் 'த டாவோ' என்ற பொது முதலீட்டு நிதியத்தின் நிரலில் இருந்த ஓட்டை இதுவேதான். அதன் வழியாக 36 இலட்சம் ஈதர் வெளியே எடுக்கப்பட்டது. அதைச் சீர்செய்ய எதீரியம் சமூகம் தன் பேரேட்டிலுள்ள கணக்கு மீதிகளையே திருத்த வேண்டி வந்தது. உடன்படாதவர்கள் பழைய பேரேட்டோடு பிரிந்து எதீரியம் கிளாசிக் ஆனார்கள். அடுத்த ஆண்டு நவம்பரில் ஈதரை வைத்திருக்க உதவும் பாரிட்டி என்ற மென்பொருள் பணப்பையின் பொதுநிரலை யாரோ ஒருவர் கைதவறி அழித்துவிட, 5 இலட்சத்துக்கும் அதிகமான ஈதர் எடுக்க முடியாதபடி பூட்டிக்கொண்டது. சாதாரண மென்பொருளில் பிழை கண்டால் மறுநாள் திருத்திய பதிப்பை வெளியிடலாம். இங்கே வெளியிட்டுவிட்ட ஒப்பந்தத்தைத் திருத்துவது, முன்கூட்டியே வழி வைத்திருந்தாலன்றி, முடியாது.

ஆகவே மகள் ஈதர்நோட், டேம் வல்னரபிள் டிஃபை என்ற இரண்டு பயிற்சிகளையும் முழுமையாகச் செய்யட்டும். வேண்டுமென்றே ஓட்டையோடு எழுதப்பட்ட ஒப்பந்தங்களை உடைத்துப் பார்க்கும் பயிற்சிகள் அவை. ஓப்பன்செப்பலின் என்ற ஆயத்த ஒப்பந்தங்களின் நூலகத்தின் நிரலை வரி வரியாக வாசிக்கட்டும். காணொளி பார்த்த மணித்தியாலங்களை எந்த நிறுவனமும் கேட்பதில்லை. நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் தானே எழுதிய ஒரு ஒப்பந்தம், அதற்கான சோதனைகள், ஏன் அப்படி வடிவமைத்தேன் என்று தெளிவான ஆங்கிலத்தில் இரண்டு பக்க விளக்கம் ஆகியவற்றைத்தான் திறந்து பார்ப்பார்கள். மகளுக்கு நான் தரும் யோசனை: வங்கியில் பார்த்த ஏதாவது ஒன்றையே எடுக்கட்டும். தவணைமுறைக் கொடுப்பனவு, மூன்றாம் தரப்பிடம் வைக்கும் பிணைப் பணம் போன்றவை. டோக்கன் எனப்படும் பிளாக்செயின் வில்லைகளை வெளியிடும் மாதிரித் திட்டங்கள் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. அவற்றில் இன்னொன்று யாருக்கும் வேண்டாம். வங்கியின் சொந்த நிரலில் ஒரு வரியையும் எடுத்துக்கொண்டு போகக்கூடாது என்பதை அவருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

வழக்கமாக இந்த வேலை தேடுவோர் பேர்லினையே பேசுவார்கள். சொலிடிட்டியை உருவாக்கியவர்கள் ஆரம்பத்தில் வேலை செய்த நகரம் அது. ஸ்டுட்கார்ட் என்றால் கார், இயந்திரம். ஆனால் மகளின் பின்னணிக்கு ஸ்டுட்கார்ட் மோசமில்லை. அந்நகரின் பங்குச் சந்தைக் குழுமமே டிஜிட்டல் சொத்துகளைப் பாதுகாத்து வைக்கும் தொழிலை நடத்துகிறது. மிக்கா எனப்படும், கிரிப்டோ சொத்துகளுக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒழுங்குவிதி 2024 டிசெம்பர் 30 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தபின், அக்குழுமத்தின் பாதுகாப்பு நிறுவனம் 2025 ஜனவரியில் அதற்கான உரிமத்தைப் பெற்றது. ஒழுங்குவிதிக்குள் வரும் இத்தகைய நிறுவனங்களுக்குத் தணிக்கை, கணக்கொப்பீடு, அனுமதிப் படிநிலை என்றால் என்னவென்று ஏற்கெனவே தெரிந்த பொறியியலாளர் பயன்படுவார். கொழும்பு வங்கியில் கழிந்த நான்கு ஆண்டுகள் அங்கே விலைபோகும்.

அதனால்தான் ஓராண்டு காத்திருக்க வேண்டாம் என்கிறேன். போய் இறங்கிய முதல் மாதத்திலிருந்தே சாதாரண மென்பொருள் பொறியியலாளர் வேலைக்கு விண்ணப்பிக்கட்டும். கிடைத்தால் மாலை வேளைகளில் பிளாக்செயின். கிடைக்கும்வரை முழுநேரமும் அதுவே. மருமகன் நீல அட்டை, அதாவது உயர்தகுதிப் பணியாளருக்கான ஐரோப்பிய ஒன்றிய வதிவிட அனுமதி, வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் மனைவிக்கு விசாவுக்காக ஜேர்மன் மொழிச் சான்று தேவையில்லை. அங்கே எந்த வேலையும் செய்ய உரிமையும் உண்டு. சான்று தேவையில்லை என்பதற்காக மொழி தேவையில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கொழும்பு 7 இல் கோதே நிறுவனத்தின் வகுப்புகள் இருக்கின்றன; மீதியுள்ள இரண்டு மாதத்தில் ஆரம்ப நிலையையாவது தொட்டுவிடலாம். என்னைக் கேட்டால், சொலிடிட்டியா ஜேர்மனா என்று ஒன்றைத்தான் தேர வேண்டுமெனில், இந்த இரண்டு மாதத்துக்கு ஜேர்மன்.

சம்பள விடயத்தில் ஓர் எச்சரிக்கை. இத்துறையில் சில நிறுவனங்கள் ஊழியராகச் சேர்க்காமல் ஒப்பந்தக்காரராக வைத்துக்கொண்டு, சம்பளத்தில் ஒரு பகுதியைத் தம் சொந்த டோக்கனாகத் தருவதாகச் சொல்லும். டோக்கன் பகுதியைப் பூச்சியம் என்று வைத்துக் கணக்குப் பாருங்கள். மீதித் தொகை கட்டுப்படியாகுமா என்பதே கேள்வி. மேலும், மருமகன் பொது மருத்துவக் காப்பீட்டில் இருந்தால் வருமானமில்லாத மனைவிக்கு அதில் தனிக்கட்டணம் இல்லாமலே இடமுண்டு. சுயதொழிலாக ஒரு வரம்புக்கு மேல் உழைக்கத் தொடங்கினால் அந்தச் சலுகை போய்விடும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இனி மருமகனுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் சொல்லத் தயங்கினால் இந்தப் பகுதியைக் காட்டிவிடுங்கள். வீட்டிலிருந்து படிக்கும் பெண்ணை வீட்டில் சும்மா இருக்கும் பெண்ணாக நடத்துவது நம் குடும்பங்களில் வெகு இயல்பாக நடக்கிறது. சமையல், பொதி வந்தால் கதவு திறப்பது, அலுவலகப் பத்திரங்களுக்கு அலைவது எல்லாம் அவர் தலையில் விழும். மாலையில் 'இன்று என்ன படித்தாய்?' என்ற கேள்வியும் வரும். தானாகக் கற்பவர்கள் தோற்பது பெரும்பாலும் பாடத்தின் கடினத்தால் அன்று. பேச ஆளில்லாத குளிர்கால நாள்களில், தான் எழுதியதை வாசித்துப் பிழை சொல்ல ஒருவரும் இல்லாததால்தான். நகரில் நடக்கும் மென்பொருளாளர் சந்திப்புகளுக்கு அவர் தவறாமல் போகட்டும். இணையத்தில் நடக்கும் ஹெக்கத்தோன் எனப்படும் மென்பொருள் உருவாக்கப் போட்டி ஒன்றில் முன்பின் தெரியாத மூவருடன் சேர்ந்து ஒரு வாரம் வேலை செய்தால், தனியே பல வாரம் கற்றதைவிட அதிகம் தெரியவரும்.

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், அக்காவைப் பார்த்துத் தானும் போகத் துடிக்கும் உங்கள் இளைய மகனைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். தாய்லாந்தில் கணினி வேலை, சுற்றுலா விசாவில் போனால் போதும், நல்ல டொலர் சம்பளம் என்று முகவர் ஒருவர் சொன்னாராம். ஐயா, இது அக்காவின் கதையோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஆபத்து. இதே வாக்குறுதியை நம்பிப் போன இலங்கைப் பிள்ளைகள் எல்லை கடத்தப்பட்டு, மியன்மாரின் மியாவடிப் பகுதியில் இணைய மோசடி முகாம்களில் அடைக்கப்பட்டிருக்கிறார்கள். கிரிப்டோ முதலீடு என்ற பெயரில் பிறரை ஏமாற்றும் வேலையை அடித்துச் செய்ய வைத்தார்கள். முகவருக்கு ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம், கடவுச்சீட்டையும் கொடுக்க வேண்டாம். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்தை அழைத்து, அந்த முகவருக்கு உரிமம் உண்டா, அந்த வேலைக்கு அனுமதி உண்டா என்று கேளுங்கள்.

மகளுக்கும் இதன் படித்தவர் பதிப்பு ஒன்று காத்திருக்கிறது. நேர்முகப் பரீட்சையின் ஒரு பகுதி என்று சொல்லி நிரல் கோப்பொன்றை அனுப்புவார்கள். அதை ஓடவிட்டதும் கணினியில் உள்ள கடவுச்சொற்களும் பணப்பைச் சாவிகளும் போய்விடும். 2022 மார்ச்சில் ரோனின் என்ற பிளாக்செயின் வலையமைப்பில் 60 கோடி டொலருக்கு மேல் திருடப்பட்டதும் ஒரு பொறியியலாளருக்கு வந்த போலி வேலை அழைப்பிலிருந்தே தொடங்கியதாகச் செய்திகள் வந்தன. அந்நியர் தரும் நிரலைத் தனியான மெய்நிகர் கணினியில் மட்டுமே ஓடவிட வேண்டும்.

புறப்படுமுன் செய்ய வேண்டியவை அதிகமில்லை. பட்டச் சான்றிதழையும் பெறுபேற்றுப் பத்திரத்தையும் வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்திக்கொள்ளட்டும். வங்கியிலிருந்து சேவைச் சான்றுக் கடிதம் வாங்கட்டும். அதில் பதவிப் பெயர் மட்டுமின்றிச் செய்த வேலையும் விவரமாக இருக்க வேண்டும். அத்துடன், திருமணத்தின் காரணமாக வேலையை விடும் பெண்கள் ஊழியர் சேமலாப நிதியை முன்கூட்டியே கோர வழி இருக்கிறது. நாரஹேன்பிட்டியிலுள்ள தொழில் திணைக்களத்தில் அதற்கான பத்திரங்களை விசாரித்து, இங்கே இருக்கும்போதே தயார் செய்யட்டும். அந்தப் பணம் மகளின் பெயரில் மகளின் கணக்கிலேயே இருக்கட்டும். கல்யாணச் செலவுக் கடனை அடைக்க அதைக் கேட்காதீர்கள்.