மீசைக்காரர் சும்மாவா உட்கார்ந்திருந்தார்?

கேள்வி: 2010-ல் ஸ்பெயின் கால்பந்து உலகக் கோப்பை ஜெயித்ததற்குப் பயிற்சியாளர் விசென்டே டெல் போஸ்கேவுக்கு இவ்வளவு புகழ் தேவையா? அணியைக் கட்டியவர் அவருக்கு முந்தைய பயிற்சியாளர் லூயிஸ் அரகோனெஸ். ஆடியவர்கள் பார்சிலோனா பையன்கள். இவர் பெஞ்சில் மீசையும் தானுமாக உட்கார்ந்திருந்ததைத் தவிர என்ன செய்தார்?

பதில்: உங்களுக்கு முன்பே ஒருவர் இதே கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டார். டெல் போஸ்கே முன்பு பயிற்சி கொடுத்த ரியல் மாட்ரிட் கிளப்பின் தலைவர் ஃப்ளோரன்டினோ பெரஸ். 2003 ஜூன் 22 அன்று மாட்ரிட் லீக் பட்டம் வென்றது. மறுநாளே டெல் போஸ்கேவுக்கு ஒப்பந்த நீட்டிப்பு கிடையாது என்று அறிவிப்பு வந்தது. மூன்றரை ஆண்டுகளில் இரண்டு சாம்பியன்ஸ் லீக், இரண்டு ஸ்பானிய லீக் வாங்கிக் கொடுத்த மனிதருக்குக் கிடைத்த மரியாதை அது. அவர் பழைய பாணி ஆளாம், புதிய காலத்துக்குத் தோதுப்படமாட்டாராம். ஜிதான், ஃபிகோ, ரொனால்டோ, ராவுல் ஆடும் அணியை யார் வேண்டுமானாலும் நடத்தலாம் என்பதுதான் உள்ளே ஓடிய எண்ணம். நீங்களும் அதைத்தான் கேட்கிறீர்கள், ஊரை மட்டும் பார்சிலோனாவுக்கு மாற்றி.

பிறகு என்ன ஆயிற்று? அதே கோடையில் பெக்காமை வாங்கினார்கள், நடுக்களத்தில் எல்லோருக்கும் சேர்த்து ஓடிக்கொண்டிருந்த மகெலெலேயைச் செல்சிக்கு விற்றார்கள். புதிதாக வந்த கார்லோஸ் கெய்ரோஸின் அணி கடைசி ஐந்து லீக் ஆட்டங்களையும் தோற்று நான்காம் இடத்தில் முடித்தது. கெய்ரோஸ், கமாச்சோ, கார்சியா ரெமோன், லுஷெம்புர்கோ, லோப்பஸ் காரோ என்று ஐந்து பேர் வந்து போய், ஆறாவதாக வந்த கபெல்லோவின் கையில்தான் 2007-ல் அடுத்த லீக் பட்டம் கிடைத்தது. சும்மா உட்கார்ந்திருந்தவரை அனுப்பியதற்கு நான்கு வருடத் தண்டனை கொஞ்சம் அதிகம்தான், இல்லையா?

டெல் போஸ்கே ஆட்டக்காரராக எப்படி இருந்தார் என்பது தெரிந்தால் அவருடைய பயிற்சிமுறை பாதி விளங்கும். சாலமன்காவில் பிறந்தவர். மாட்ரிட்டின் நடுக்களத்தில் 1973 முதல் 1984 வரை ஆடினார். ஐந்து லீக் பட்டம், நான்கு ஸ்பானியக் கோப்பை. உயரமான ஆள். வேகம் கிடையாது, அதை மறைக்கவும் முயன்றதில்லை. பந்து எங்கே போகவேண்டும் என்று முன்கூட்டியே பார்த்து, அங்கே அனுப்பிவிட்டு, அடுத்த இடத்துக்கு நடந்துபோகிற ரகம். அப்படிப்பட்டவருக்கு அணியில் யார் யாருக்காக உழைக்கிறார்கள் என்பது தெரியும். 1981-ல் பாரிஸில் நடந்த, கிளப்புகளுக்கான ஐரோப்பியக் கோப்பை (இன்றைய சாம்பியன்ஸ் லீக்) இறுதியில் லிவர்பூலிடம் 0-1 என்று தோற்ற மாட்ரிட் அணியில் அவர் இருந்தார். 2000-ல் அதே பாரிஸில்தான் பயிற்சியாளராக முதல் சாம்பியன்ஸ் லீக்கை வென்றார், வாலென்சியாவுக்கு எதிராக 3-0.

மாட்ரிட்டுக்கும் ஸ்பெயின் அணிக்கும் நடுவில் துருக்கியின் பெசிக்டாஸ் கிளப் அவரை ஒரு பருவம்கூட வைத்துக்கொள்ளாமல் அனுப்பியது. அது தோல்விதான், சப்பைக்கட்டு கட்டமாட்டேன்.

இனி 2010. அரகோனெஸின் பங்கை யாரும் மறுக்கவில்லை. ராவுலை ஒதுக்கிவிட்டு, குட்டையான நடுக்கள ஆட்டக்காரர்களை நம்பி, நாடுகளுக்கான 2008 ஐரோப்பியக் கோப்பையை வென்றவர் அவர். ஆனால் நெதர்லாந்துக்கு எதிரான ஜோஹன்னஸ்பர்க் இறுதியாட்டத்தில் இறங்கிய பதினொரு பேரைப் பாருங்கள். பிக்கே, புஸ்கெட்ஸ், பெட்ரோ மூவரும் அரகோனெஸின் ஸ்பெயினுக்கு ஆடியதே இல்லை. மூவரையும் தேசிய அணிக்குள் கொண்டுவந்தவர் நீங்கள் சொல்லும் மீசைக்காரர்.

முதல் ஆட்டத்தில் சுவிட்சர்லாந்திடம் 0-1 என்று தோற்றபோது ஸ்பெயினே பொங்கியது. புஸ்கெட்ஸும் சாபி அலோன்சோவும் ஒரே நேரத்தில் எதற்கு, ஒருவரை எடுத்துவிட்டுத் தாக்குதலுக்கு ஆள் போடு என்றார்கள். அரகோனெஸும் விமர்சித்தவர்களில் ஒருவர். டெல் போஸ்கே இருவரையும் தொடக்கப் பதினொருவரிலிருந்து இறுதிவரை எடுக்கவில்லை. அதன்பின் காலிறுதிக்கு முந்தைய சுற்று முதல் இறுதி வரை நான்கு ஆட்டங்கள், நான்கும் 1-0. தொடர் முழுவதும் வாங்கிய கோல் இரண்டே இரண்டு. பார்க்கச் சலிப்பாக இருந்தது என்று நீங்கள் சொன்னால் சண்டைக்கு வரமாட்டேன். சில ஆட்டங்கள் எனக்கும் கொட்டாவி வரவழைத்தன.

சும்மா உட்கார்ந்திருந்தாரா என்பதற்கு வருகிறேன். போர்ச்சுகல் ஆட்டம் கோலில்லாமல் இழுத்துக்கொண்டிருந்தபோது டோரஸை எடுத்துவிட்டு நெட்டை லொரெண்டேயை இறக்கினார். சில நிமிடங்களில் வில்லா கோல் போட்டார். ஜெர்மனிக்கு எதிரான அரையிறுதியில் டோரஸை உட்காரவைத்து, அதுவரை மாற்று வீரராக வந்துகொண்டிருந்த பெட்ரோவை முதலிலிருந்தே ஆடவிட்டார். இறுதியில் அதே பெட்ரோவை அறுபதாவது நிமிடத்தில் எடுத்துவிட்டார். அன்று இறக்கிய மாற்று வீரர்கள் மூன்று பேர்: நவாஸ், ஃபேப்ரகாஸ், டோரஸ். 116-ஆவது நிமிட கோலை மறுபடி ஓடவிட்டுப் பாருங்கள். வலப்பக்கம் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் நவாஸ். இடப்பக்கமிருந்து பெட்டிக்குள் அனுப்பியவர் டோரஸ். நெதர்லாந்து தடுத்துத் திரும்பி வந்த பந்தை இனியெஸ்டாவின் காலடியில் வைத்தவர் ஃபேப்ரகாஸ். பெஞ்சிலிருந்து அனுப்பிய மூவரின் காலிலும் பட்டுத்தான் அந்தப் பந்து வலைக்குள் போனது.

அதைவிடக் கடினமான வேலை அதற்குப் பிறகுதான் வந்தது. 2011-ல் பதினெட்டு நாளில் நான்கு முறை மாட்ரிட்டும் பார்சிலோனாவும் மோதின. அப்போதைய மாட்ரிட் பயிற்சியாளர் மொரீன்யோ எண்ணெய் ஊற்றிக்கொண்டே இருந்தார். தேசிய அணியில் ஒரே அறையில் உடை மாற்றவேண்டியவர்கள் களத்தில் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தார்கள். கடைசியில் மாட்ரிட்டின் கோல்காப்பாளர் காசியாஸே பார்சிலோனாவின் சாவியையும் புயோலையும் தொலைபேசியில் கூப்பிட்டுச் சமாதானம் பேசினார். அந்த நேரத்தில் பயிற்சியாளரும் வாய் திறந்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அணி இரண்டாகியிருக்கும். இவர் மாட்ரிட்டிலேயே வளர்ந்தவர் வேறு. 2012 ஐரோப்பியக் கோப்பையில் முன்கள வீரரே இல்லாமல் அணியை இறக்கித் திட்டு வாங்கினார். இறுதியில் இத்தாலியை 4-0 என்று வென்றார். கடைசி இரண்டு கோல்களும் மாற்று வீரர்கள் டோரஸும் மாட்டாவும் போட்டவை. (ஃபிராங்கோ காலத்தில் சிறையிருந்த குடியரசு ஆதரவாளரான ரயில்வே ஊழியரின் மகன் இவர். 2011-ல் மன்னர் இவருக்கு மார்க்கீஸ் என்ற பிரபுப் பட்டம் கொடுத்தார். அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!)

நீங்கள் 2014-ஐ வைத்துக் கேட்டிருந்தால் எனக்குத் திண்டாட்டமாக இருந்திருக்கும். பிரேசில் உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தில் அதே நெதர்லாந்துக்கு எதிராக, ஜோஹன்னஸ்பர்க்கில் ஆடிய ஏழு பேரை மறுபடி இறக்கினார். 1-5. காசியாஸ் அந்தப் பருவம் கிட்டத்தட்ட முழுக்க மாட்ரிட்டின் லீக் ஆட்டங்களில் இடம் கிடைக்காமல் இருந்தவர். அடுத்த ஆட்டத்தில் சாவியையும் பிக்கேயையும் உட்காரவைக்கத் துணிந்தவருக்குக் காசியாஸைத் தொட மனம் வரவில்லை. சிலியிடம் 0-2, இரண்டே ஆட்டத்தில் உலக சாம்பியன் வெளியே. மூன்றாவது ஆட்டத்தில், எல்லாம் முடிந்தபிறகு, ரெய்னாவைக் கோல் காக்கவிட்டார். இரண்டு ஆட்டம் முன்பே செய்திருக்கவேண்டும்.