அரைப்பரீட்சை லீவும் ஆச்சி வீடும்: வாசகர் கேள்வி, அக்கா பதில்

கேள்வி: அக்கா, நாங்க பெரம்பூர்ல இருக்கோம், எங்க அம்மா வீடு கன்னியாகுமரி மாவட்டம் ஈத்தாமொழி. மூத்தவன் 11வது, சின்னவ 9வது. அரைப்பரீட்சை லீவுக்கு 24ஆம் தேதி வந்து 30ஆம் தேதி திரும்புற மாதிரி ரயில் டிக்கெட் போட்டாச்சு. ஆனா ரெண்டு பேரும் ஆச்சி வீட்ல ஒரு வாரம் இருந்து என்ன செய்ய, ஒரே போர், கொடைக்கானல் கூட்டிட்டு போங்கன்னு பிடிவாதம். டிக்கெட் போக கையில 10,000 ரூபாதான் இருக்கு. வீட்டுக்காரர் கடன் வாங்கியாவது போவோம்ங்கிறாரு. என்ன செய்யலாம்?

பதில்: கடன் வாங்காதீங்க தங்கச்சி, முதல்ல அத சொல்லிடுறேன். கிறிஸ்மஸ்ல இருந்து நியூ இயர் வரைக்கும் கொடைக்கானல்ல ரூம் வாடகை உச்சத்துல இருக்கும், வண்டிக்கு இ-பாஸ் எடுக்கணும், மலைப்பாதையில வண்டி நகராது, உங்க 10,000 ரூபா ரெண்டு ராத்திரி ரூமுக்கும் சாப்பாட்டுக்குமே சரியாப்போயிரும். டூர் வர்றவங்க எதுக்கு அதிகமா காசு கொடுக்காங்களோ, அந்தத் தங்குற இடமும் சாப்பாடும் உங்களுக்கு அம்மா வீட்ல இருக்கு.

பிள்ளைங்க போர்னு சொல்றதுலயும் நியாயம் இருக்கு. ஊருக்கு வந்தா நாம என்ன செய்றோம், சித்தி வீடு, மாமா வீடு, கல்யாணத்துக்கு வராததுக்கு விசாரிக்க ஒரு வீடுன்னு பிள்ளைங்கள பின்னாடியே இழுத்துட்டு போறோம். நானும் அப்படித்தான் செஞ்சேன். அப்புறம் மனசு கேக்காம ஒரு வருஷம் வேன் பிடிச்சு ஒரே நாள்ல ஒம்பது இடம் காட்டுனேன், மாத்தூர் தொட்டிப்பாலம் வரும்போது என் மகன் இறங்கவே மாட்டேன்னு சீட்லயே படுத்துட்டான், நான் திட்டுனேன், பிறகு யோசிச்சா அவன் மேல ஒரு தப்பும் இல்ல. அதுலருந்து எங்க வீட்ல ஒரு நாளைக்கு ஒரு பக்கம்தான்.

உங்களுக்கும் அதத்தான் சொல்வேன். 5,000 ரூபாய பிள்ளைங்க கையில கொடுத்து, மூணு நாள் பிளான் உங்க பொறுப்பு, எந்த பஸ், எங்க சாப்பாடு, எத்தன மணிக்கு கிளம்பணும் எல்லாம் நீங்கதான் பாக்கணும்னு சொல்லிருங்க. மிச்சத்துல 3,000 ஒரு நாள் காருக்கு, 2,000 கையிருப்பு. உங்களுக்கும் மகளுக்கும் சாதா டவுண் பஸ்ல டிக்கெட்டே கிடையாது, நம்ம மாவட்டத்துல டவுண் பஸ் போகாத ஊர் குறைவு, அதனால போக்குவரத்துல பெருசா செலவு ஆகாது.

எங்கன்னு கேட்டா நான் முதல்ல சொல்றது பத்மநாபபுரம் அரண்மனை. தக்கலையில இறங்கினா பக்கம்தான். இருக்குறது நம்ம மாவட்டத்துல, பராமரிக்கிறது கேரள அரசு, அது ஏன்னு மகன கண்டுபிடிக்கச் சொல்லுங்க. 1956 நவம்பர் 1 வரைக்கும் இந்தப் பக்கம் எல்லாம், பிறகு கேரளாவோட சேர்ந்த திருவிதாங்கூர்-கொச்சி கூடத்தான் இருந்துச்சுங்கிற கதை தானா வந்துரும். அந்தக் காலத்துல படையில சேரணும்னா தூக்கிக் காட்டணும்னு சொல்ற உருண்டைக்கல்லு அங்க இருக்கு, முகம் தெரியுற மாதிரி வழுவழுன்னு கருப்புத் தரை இருக்கு. திங்கக்கிழமை லீவு, மதியமும் கொஞ்ச நேரம் மூடிருவாங்க, அதனால காலையிலயே போயிருங்க. அப்படியே புலியூர்க்குறிச்சி உதயகிரி கோட்டை. 1741ல குளச்சல் சண்டையில மார்த்தாண்டவர்மா படைகிட்ட பிடிபட்ட டச்சுப் படைக்காரர் டிலனாய், பிறகு அதே ராஜா படைக்கு தளபதியாகி அந்தக் கோட்டைக்குள்ளயே அடக்கமாகிக் கிடக்காரு. தோத்துப்போய் பிடிபட்ட ஆளு ஜெயிச்சவன் படைக்கு தளபதியான கதைய அந்தக் கல்லறைப் பக்கம் நின்னு சொன்னா பிள்ளைங்க போன எடுக்க மாட்டாங்க.

அடுத்து மருந்துவாழ்மலை. நாகர்கோவில்ல இருந்து கன்னியாகுமரி போற ரோட்டுல பொற்றையடியில இறங்கணும். விடிஞ்சும் விடியாமலும் ஏற ஆரம்பிச்சா வெயிலுக்கு முன்ன இறங்கிறலாம், மேல நின்னா கடலு, தென்னந்தோப்பு, கரண்டு எடுக்குற காத்தாடி எல்லாம் தெரியும். செருப்பு வேண்டாம், ஷூ போடச்சொல்லுங்க, தண்ணி பாட்டில் வேணும், குரங்கு நிக்கும் அதனால தின்பண்டத்த பையிலருந்து வெளிய எடுக்க வேண்டாம். மழை பெஞ்ச மறுநாள் பாறை வழுக்கும், அன்னைக்கு போகவே கூடாது.

கார் எடுக்குற நாள் மாத்தூர் தொட்டிப்பாலம், திற்பரப்பு அருவி, நேரம் இருந்தா சமணச் சிற்பங்கள் இருக்குற சிதறால் மலை. தொட்டிப்பாலம் காமராஜர் காலத்துத் திட்டம், பறளியாத்துக்கு மேல 100 அடிக்கு மேல உயரத்துல தண்ணிய ஒரு மலையில இருந்து இன்னொரு மலைக்கு கொண்டுபோகுது, அதுல நடந்து போறப்ப உங்க மகளுக்கு கால் கூசும், ஆனா பாதியில திரும்பமாட்டா பாருங்க. திற்பரப்புல டிசம்பர்ல தண்ணி கூடுதலா இருந்தாலோ பேச்சிப்பாறை அணைய திறந்துவிட்டாலோ குளிக்க விடமாட்டாங்க, காலையில விசாரிச்சுட்டு கிளம்புங்க.

இப்ப முக்கியமான ஒண்ணு. ஈத்தாமொழின்னா கடல் பக்கம், பிள்ளைங்க சங்குத்துறை, சொத்தவிளை, கணபதிபுரம்னு தனியா கிளம்பிருவாங்க. மண்ணுல விளையாடட்டும், பந்து அடிக்கட்டும், கடலுக்குள்ள இறங்க விடாதீங்க. நம்ம கரையில அலை இழுக்கும். காத்தும் மழையும் இல்லாம திடீர்னு கடல் ஏறும், அதத்தான் நம்ம ஆளுங்க கள்ளக்கடல்னு சொல்லுவாங்க. 2024 மே மாசம் கணபதிபுரம் லெமூர் பீச்சுல மருத்துவக் கல்லூரி மாணவங்க அஞ்சு பேர் அலையில போயிட்டாங்க. படிச்ச, விவரமான பிள்ளைங்கதான் அவங்களும். கரையில நிக்கிற மீன்பிடிக்கிற அண்ணன்மார் இறங்காதேன்னு சொன்னா அதுக்கு மேல பேச்சு கிடையாதுன்னு பிள்ளைங்ககிட்ட வீட்லயே சொல்லிருங்க.

24 ராத்திரி கடற்கரை ஊருகள்ல ஒரு சுத்து நடங்க, வீட்டுக்கு வீடு ஸ்டார், தெருமுனையில குடில், காசே வேண்டாம். 26ஆம் தேதி மணக்குடி பக்கம் போங்க. 2004ல அதே நாள் வந்த சுனாமியில அங்க இருந்த பாலமே அடிச்சிட்டு போச்சு. உங்க பிள்ளைங்க ரெண்டும் அதுக்கு பிறகு பிறந்ததுங்க, ஆச்சி அன்னைக்கு எங்க ஓடுனாங்க, யார தேடுனாங்கன்னு ஆச்சி வாயாலயே அந்தப் பாலம் இருந்த இடத்துப் பக்கம் உக்காந்து கேக்கட்டும்.

கேள்வி: நாங்க திருச்சி. ரெண்டு டீன்ஏஜ் பசங்களோட டிசம்பர் கடைசியில கன்னியாகுமரி வர்றோம். ரூம் வாடகை பயமா இருக்கு.

பதில்: அது சபரிமலை சீசன், ஐயப்ப பக்தர்கள் எல்லாரும் கன்னியாகுமரிக்கும் வருவாங்க, அதான் வாடகை ஏறிக்கிடக்கு. நாகர்கோவில்ல தங்குங்க, 20 கிலோமீட்டர்தான், பஸ் வந்துட்டே இருக்கும். விவேகானந்தர் பாறைக்கு முதல் போட்டுக்கே க்யூவுல நில்லுங்க, ஒம்பது மணிக்கு மேல போனா அரைநாள் நின்னே கழிஞ்சிரும். பாறைக்கும் 133 அடி திருவள்ளுவர் சிலைக்கும் நடுவுல 77 மீட்டர்ல கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30ல திறந்தாங்க, பசங்களுக்கு அதுதான் பிடிக்கும். கடல் சீற்றம்னா போட்டு ஓடாது, அதனால போட்டுக்கு கடைசி நாள வைக்காதீங்க, முதல் நாளே போயிட்டு வந்துருங்க. திரும்புறப்ப சுசீந்திரம் குளத்துலயும் தேரூர் குளத்துலயும் பறவை பாருங்க, வெளிநாட்டுல இருந்து வர்ற பறவைங்களுக்கு அதுதான் சீசன். ராத்திரி நாகர்கோவில்ல ரசவடை சாப்பிடாம ரூமுக்கு போகாதீங்க.

கேள்வி: குமரி மாவட்டம் கருங்கல் ஊர்ல இருந்து எழுதுறேன். ஒரே ஒரு நாள்தான் லீவு கிடைக்கும், 1,500 ரூபாய்க்குள்ள பிள்ளைங்கள எங்க கூட்டிட்டு போகலாம்?

பதில்: திருவனந்தபுரம். குழித்துறையில காலை ரயில் ஏறுங்க, பஸ்ஸ விட டிக்கெட் ரொம்ப குறைவு. சூவும் (மிருகக்காட்சிசாலை) நேப்பியர் மியூசியமும் ஒரே வளாகம், பாதி நாள் அங்கயே போயிரும், பிறகு பிளானட்டோரியம், சாயங்காலம் சங்குமுகம். கட்டுச்சோறு எடுத்துட்டு போங்க, மியூசியம் தோட்டத்துல நல்ல நிழல் இருக்கு. திங்கக்கிழமை மட்டும் போயிராதீங்க, சூ திறக்கமாட்டாங்க.