எக்ஸ்ரே என்றதும் ஸ்கேன் சென்டர் வேலை என்று நினைக்காதீர்கள்

அன்புள்ள அம்மா,

பிளஸ் டூ படிக்கும் மகள் "எக்ஸ்ரே வைத்துச் சூட்டை அளக்கிற படிப்பு" என்றாள் என்று சொல்லி, ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்து ரேடியாலஜி டிப்ளமோ பற்றி விசாரித்தீர்கள். அவள் கேட்பது இயற்பியல் ஆராய்ச்சி.

உருக்காலையில் உருகிய எஃகுக்குள் தெர்மோகப்பிள் என்ற வெப்பமானியை விட்டுச் சூடு பார்த்துவிடலாம். வியாழனின் மையத்திலோ அணு இணைவுச் சோதனையிலோ இருக்கும் அடர்ந்த, கொதிக்கும் பொருளுக்குள் எதை விடுவது? விட்டது ஆவியாகிவிடும். ஆய்வகத்தில் அப்படியொரு பொருளை உண்டாக்கினாலும் நொடியில் மிகச் சிறு பங்குதான் நிற்கும். அதனால் வெப்பநிலையைக் கணிப்பு மாதிரிகளை வைத்தே பெரும்பாலும் ஊகித்துவந்தார்கள்.

அமெரிக்காவின் ஸ்லாக் ஆய்வகத்தில் 50 நானோமீட்டர் தங்கத் தகட்டை லேசரால் சுட்டு, உடனே எக்ஸ்ரே பாய்ச்சினார்கள். மலைப்பாதையில் பஸ் நெருங்கும்போது ஹாரன் கீச்சென்றும் விலகும்போது தணிந்தும் கேட்குமே, அதுபோல அசையும் அணுக்களில் பட்டுத் திரும்பும் எக்ஸ்ரேயின் அதிர்வெண்ணும் கூடிக் குறையும். அந்த அதிர்வெண் எவ்வளவு அகலமாகப் பரவுகிறதோ, அணுக்களின் வேகம் அவ்வளவு. வேகம் தெரிந்தால் வெப்பநிலை தெரியும். 2025-ல் வெளியான முடிவு: 19,000 கெல்வின். தங்கம் உருகுவது 1,337-ல்! அவ்வளவு சூட்டிலும் அந்தக் கணம் அது திடமாகவே இருந்தது. இதைப் படித்துவிட்டு ஒரு பெண் தூங்காமல் இருந்தால் எனக்கு ஆச்சரியமில்லை.

வழி நீளம், மறைக்கவில்லை. மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனங்களான ஐசர்களின் ஐந்தாண்டுப் படிப்புக்கு ஐஏடி என்ற நுழைவுத் தேர்வு உண்டு. திருப்பதியும் திருவனந்தபுரமும் நமக்குப் பக்கம். கிடைக்காவிட்டால் சேலம் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல், பிறகு ஜாம் என்ற நுழைவுத் தேர்வு எழுதி எம்.எஸ்சி. மட்டமான வழி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிறகு பிஎச்.டி.; ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும் உண்டு. இந்தூரில் எக்ஸ்ரே உண்டாக்கும் பெரிய இயந்திரமான இண்டஸ்-2, காந்திநகரில் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம், மும்பையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் (டி.ஐ.எஃப்.ஆர்.) என்று நம் நாட்டிலேயே இடங்கள் உள்ளன.

இருபத்திரண்டு வயதில் சம்பளம் வந்தே ஆகவேண்டிய குடும்பம் என்றால் இப்போதே சொல்லுங்கள், வேறு வழி பார்ப்போம்.

அடுத்த முறை அவளையும் கூட்டி வாருங்கள். கணக்கு, இயற்பியல் விடைத்தாள்களை எடுத்து வரட்டும். கம்ப்யூட்டரில் பைத்தான் நிரல்மொழியைத் தொட்டிருக்கிறாளா என்றும் கேட்டு வையுங்கள். இந்த வேலையில் லேசரைத் தொடும் நேரத்தைவிடத் தரவோடு மல்லுக்கட்டும் நேரமே அதிகம்.